பழுதுச் சீட்டைக் கிழித்தவன் சொல்கிறேன்

என் கடை மேசையில் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் கிடக்கிறது. ஃபேன் காற்றில் பில் பறக்காமல் இருக்க மேலே வைப்பதற்கு அதைவிடத் தோதான சாமான் இல்லை. சீகேட் எஸ்.டி.-225. கையில் எடுத்தால் செங்கல் மாதிரி கனக்கும். கொள்ளளவு 20 எம்.பி. இன்றைய செல்போனில் எடுத்த நாலைந்து படங்களைப் போட்டாலே நிரம்பிவிடும். அதன் மேல்மூடியில் ஒரு சதுரம் மட்டும் மற்ற இடத்தைவிடப் பளிச்சென்று தெரியும். அங்கே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதைக் கிழித்தவன் நான்தான்.

அது பழுதுப் பட்டியல். இந்த டிஸ்க்கில் இன்ன இன்ன இடம் சரியில்லை என்று தொழிற்சாலையே கண்டுபிடித்து, அச்சடித்து, டிஸ்க்கின் தலைமேலேயே ஒட்டி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. இப்போது என்னிடம் வேலை பழகும் பையன்களிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். சீட்டில் மூன்று பத்தியாக எண்கள் இருக்கும்: சிலிண்டர், ஹெட், டிராக்கின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட். பெட்டி பிரித்த புத்தம் புது டிஸ்க்கிலேயே நாலு வரி இருக்கும், ஏழு வரி இருக்கும். ஒரு வரிகூட இல்லாத டிஸ்க் வந்துவிட்டால் ஆபீஸில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவோம்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் உள்ளே போகிறேன். எஸ்.டி.-225-க்குள் இரண்டு தட்டுகள். தட்டுக்கு இரண்டு முகம், ஆக நான்கு முகம், படிக்கவும் எழுதவும் முகத்துக்கு ஒரு ஹெட். ஒவ்வொரு முகத்திலும் வட்டம் வட்டமாக 615 சால் ஓட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒவ்வொரு சாலும் ஒரு டிராக். மொத்தம் 2,460. நான்கு முகத்திலும் ஒரே வரிசையில் வரும் டிராக்குகள் சேர்ந்தது ஒரு சிலிண்டர். ஒரு டிராக்கை செக்டர் என்கிற 17 துண்டாக்கி, துண்டுக்கு 512 பைட் எழுதலாம். ஏர் ஓட்டும்போது ஒரு சாலில் பாறை தட்டினால் அந்த இடத்தில் யாரும் விதை போடுவதில்லை, தாண்டித்தான் போவார்கள். தட்டின் மேல் பூசிய காந்தப் பூச்சிலும் எங்காவது இரண்டு மூன்று பாறை இருக்கத்தான் செய்தது. பாறையே இல்லாத தட்டைத்தான் விற்பேன் என்று தயாரிப்பாளர் அடம்பிடித்திருந்தால் டிஸ்க்கின் விலை இன்னும் எங்கேயோ போயிருக்கும். அப்போதே அது என் பத்து மாதச் சம்பளத்துக்குக் குறையாது. ஆகவே, பாறை இருக்கும் இடத்தை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தாண்டிப் போவது நம் பாடு.

தாண்டுவதற்கு ஒரு சடங்கு உண்டு. நான் 1987-இல் கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியராகச் சேர்ந்தபோது முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான். எக்ஸ்.டி. என்ற அந்தக் காலத்துப் பெர்சனல் கம்ப்யூட்டரை ஃபிளாப்பியில் பூட் செய்து, டீபக் புரோகிராமைக் கூப்பிட்டு, திரையில் ஒரு சிறு கோடு வந்ததும், ‘ஜி ஈக்வல் டு சி எயிட் ஹண்ட்ரட் கோலன் ஃபைவ்’ என்று அடிக்க வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டல் கன்ட்ரோலர் கார்டுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் லோ லெவல் ஃபார்மேட் புரோகிராம் எழுந்துவிடும். எங்கள் வயதுக்கார இன்ஜினியர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த மந்திரத்தைச் சொல்வார்கள். அது ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கும். கடைசியில், கெட்ட டிராக்குகளைக் குறிக்க வேண்டுமா என்று கேட்கும். அப்போது ஒருவர் சீட்டைப் பார்த்து வாசிக்க, இன்னொருவர் அடிப்பார். சிலிண்டர் 113, ஹெட் 2. அடுத்தது, சிலிண்டர் 402, ஹெட் 0. ரேஷன் கடையில் பெயர் வாசிப்பது போல இருக்கும்.

மூன்றாவது பத்தியில் இருந்த பைட் கணக்கை நாங்கள் கண்டுகொள்வதில்லை. ஒரு புள்ளி கெட்டாலும் டிராக் முழுவதையும் தள்ளிவைப்பதுதான் வழக்கம். 8,704 பைட் போகும். பிறகு எஃப்டிஸ்க் போட்டு, ஃபார்மேட் அடித்தால், அது ஒவ்வொரு டிராக்காகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும். குறித்துவைத்த டிராக் வந்ததும் சத்தம் மாறும். அந்த இடத்தை ஃபேட் அட்டவணையில் கெட்டது என்று பதிந்துவிட்டால், ஆபரேட்டிங் சிஸ்டமான டாஸ் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த 20 எம்.பி. டிஸ்க்கில் டாஸ் நான்கு நான்கு துண்டாகத்தான் இடம் ஒதுக்கும். டிராக்கிலோ 17 துண்டு. நான்கால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். அதனால் கெட்ட டிராக்கை ஒட்டிக் குடியிருந்த நல்ல துண்டுகள் சிலவும் சேர்ந்தே தள்ளுபடியாகும். பூஜ்யமாவது டிராக்கில் பழுது வந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. டிஸ்க் உபயோகப்படாது என்று ஃபார்மேட்டே கையை விரித்துவிடும். வாசற்படியே இடிந்தால் வீட்டுக்குள் எப்படிப் போவது?

இது எக்ஸ்.டி.காரர்கள் கண்டுபிடித்த வித்தையும் அல்ல. ஐ.பி.எம்.மின் பெரிய மெஷின்களில் 1970-களிலேயே மாற்று டிராக் என்ற ஏற்பாடு இருந்தது. ஐ.பி.எம். 3330 டிஸ்க்கில் வேலைக்கு 404 சிலிண்டர், அதற்கு மேல் மாற்றுக்கென்றே 7 சிலிண்டர். ஒரு டிராக் கெட்டால் அதன் தலைப்பில், நான் கெட்டவன், இன்ன இடத்துக்குப் போ என்று எழுதிவைப்பார்கள். கடை இடம் மாற்றப்பட்டுள்ளது என்று பழைய கடையின் ஷட்டரில் போர்டு தொங்குகிறதே, அது மாதிரி. பின்னால் நான் எஸ்.சி.ஓ. ஸீனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றிய மெஷின்களில் ‘பேட்டிராக்’ என்றே ஒரு புரோகிராம் இருந்தது. இன்ஸ்டால் செய்யும்போதே, இனிமேல் கெடப்போகிற டிராக்குகளுக்கு எத்தனை மாற்று இடம் ஒதுக்கட்டும் என்று அது கேட்கும். கஞ்சத்தனமாக ஒதுக்கிவிட்டு, பிற்பாடு போதவில்லை என்றால், ஃபிளாப்பிக் கட்டை எடுத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஒரு முறை பட்டவன் மறு முறை தாராளமாக ஒதுக்குவான்.

இப்போது சீட்டுக்கு வருகிறேன்.

1988. ஈரோட்டில் ஒரு நூல் மண்டிக்கு எக்ஸ்.டி. மெஷின் கொண்டுபோனோம். அந்த வீதியில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, எல்லாம் ஆனது. நான் மூடியைக் கழற்றி ஏதோ கேபிளைச் சரிசெய்துகொண்டிருந்தேன். மண்டி முதலாளி எட்டிப் பார்த்தவர் சீட்டைப் பார்த்துவிட்டார்.

“ஏந்தம்பி, இதென்னங்க நம்பரு?”

உள்ளதைச் சொன்னேன். வயசுக் கோளாறு.

“புதுச் சாமானுங்கிறீங்க, ஆறு எடத்துல கெட்டுப்போயிருக்குன்னு அவனே எழுதி ஒட்டியிருக்கறான். நாங்க நூல்ல ஒரு கண்ணி அறுந்திருந்தாலே சிப்பத்தத் திருப்பி அனுப்பறவங்க. மாத்திக் குடுக்கச் சொல்லுங்க தம்பி.”

எல்லா டிஸ்க்கும் அப்படித்தான் வரும் என்று ஒரு மணி நேரம் பேசியும் அவருக்குத் திருப்தி இல்லை. கடைசியில் எங்கள் மேனேஜர் வந்து வேறு டிஸ்க் மாட்டிக் கொடுத்தார். இதில் சீட்டு இல்லையென்று முதலாளிக்கு மகிழ்ச்சி. சீட்டை வண்டியில் வரும்போதே மேனேஜர் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார் என்பது எனக்கு மட்டும் தெரியும். புதிதாக வந்த டிஸ்க்கில் எட்டு வரி.

அன்றிலிருந்து கம்பெனியில் சொல்லாத சட்டம் ஒன்று வந்தது. ஃபார்மேட் முடிந்ததும் சீட்டைக் கிழித்துவிட வேண்டும். நெயில்பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுப் பசையைத் துடைப்பது என் வேலை. முதலில் எண்களை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு கிழித்தேன். நாலு மாதத்தில் நோட்டு நின்றுபோனது. பிறகு சீட்டைப் பார்த்து அடிப்பதும் நின்றுபோனது. அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தேன். சீட்டில் ஏழு வரி இருக்கும். அதை அடிக்காமல் வெறுமனே ஃபார்மேட் போட்டால் ஒன்றோ இரண்டோதான் பழுது என்று காட்டும், சில சமயம் ஒன்றுமே காட்டாது. கம்ப்யூட்டருக்கே தெரியாத பழுதை நாம் ஏன் குறிக்க வேண்டும்? ஃபார்மேட்டுக்கு முன் 25 எம்.பி. இருக்கிற இடத்தில் 20 தருகிறான், அதிலும் ஏன் குறைக்க வேண்டும்?

என் அறிவு அவ்வளவுதான். தொழிற்சாலையின் சோதனைக் கருவி, எழுதியதைப் படிக்க முடிகிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. ஹெட்டிலிருந்து வரும் சிக்னல் எவ்வளவு வலுவாக வருகிறது, எவ்வளவு நகர்கிறது என்றும் பார்த்து, இன்றைக்குப் படிக்க முடிந்தாலும் நாளைக்குச் சந்தேகம் என்கிற இடங்களையும் சேர்த்துத்தான் சீட்டில் ஏற்றும். ஃபார்மேட் புரோகிராமோ, வாத்தியார் கேட்டதும் பையன் பதில் சொல்லிவிட்டானா என்று மட்டும் பார்க்கிற ரகம். தடுமாறிச் சொன்னானா, பக்கத்தில் இருப்பவன் கிசுகிசுத்ததைச் சொன்னானா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

1989 மார்ச். இதே ஈரோட்டில் இன்னொரு மண்டி. அந்த வருடம்தான் எல்லாரும் மார்ச் 31-இல் கணக்கை முடித்தாக வேண்டும் என்று வருமான வரிச் சட்டம் மாறியிருந்தது. தீபாவளிக் கணக்கு, சித்திரைக் கணக்கு என்று பழகிய மண்டிக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி. கணக்கு முழுக்க டிபேஸ் என்ற புரோகிராமில் இருந்தது. 28-ஆம் தேதி காலை, பேரேட்டு ஃபைலைத் திறந்தால் டிரைவ் சி-யைப் படிப்பதில் பிழை. அபார்ட், ரீட்ரை, ஃபெயில்? ரீட்ரை அடித்தேன். மறுபடி அடித்தேன். ‘ஆர்’ எழுத்தின் மேல் இருந்த வெள்ளை மை தேய்கிற அளவுக்கு அடித்தேன். டிஸ்க் கர்ரக் கர்ரக் என்று தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தது.

மேலே தகரக் கூரை. உச்சி வெயில் ஏறியதும் அதே ஃபைல் திறந்தது! எனக்கு அப்போது காரணம் தெரியாது. அந்த டிஸ்க்குகளில் ஹெட்டை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். படிக்கட்டில் கால் எண்ணி ஏறுகிற குருடரைப் போல, இத்தனை அடி என்று எண்ணி நகரும், நிற்கும் இடம் டிராக்கின் நடுவா ஓரமா என்று அதற்குத் தெரியாது. சூட்டில் எல்லாம் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். மத்தியான வெயிலில் எழுதிய டிராக்கைக் காலைக் குளிரில் படிக்கப் போனால் ஹெட் ஓரத்தில் நிற்கும். நல்ல டிராக் என்றால் ஓரத்தில் நின்றே படித்துவிடும். சீட்டில் பெயர் இருந்த டிராக் என்றால், ஏற்கெனவே சிக்னல் மெலிவு, ஓரத்திலிருந்து ஒன்றும் கேட்காது. இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மெஷினை அரை மணி நேரம் ஓடவிட்டு, சூடான பிறகே ஃபார்மேட் அடிப்பார்கள்.

மத்தியானத்தில் எல்லா ஃபைலையும் ஃபிளாப்பிகளில் அள்ளினோம். ஒரு துண்டு மட்டும் கடைசி வரை வரவில்லை. 512 பைட், நாலு வரவு. நாலே நாலு வரிதானே என்று சொல்லலாம். நூல் வியாபாரத்தில் ஒரு வரி ஒரு லாரி நூல். நல்லவேளை, கணக்குப்பிள்ளைப் பெரியவர் கம்ப்யூட்டரை நம்பாமல் கைப்பேரேட்டையும் எழுதிக்கொண்டே வந்திருந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. பேரேட்டை விரித்து, அந்த நாலு வரியை விரலால் தொட்டுக் காட்டி, எழுதிக்கங்க தம்பி என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மிச்ச வேலை அதைவிடக் கொடுமை. டிஸ்க்கை மறுபடி லோ லெவல் ஃபார்மேட் அடித்து, கெட்ட டிராக்குகளை இந்தத் தடவையாவது ஒழுங்காகக் குறிக்க வேண்டும். எதைப் பார்த்துக் குறிப்பது? சீட்டு இல்லை. நோட்டிலும் அந்த டிஸ்க்கின் எண்கள் இல்லை. நார்ட்டன் யுட்டிலிட்டீஸில் இருந்த டிஸ்க் டெஸ்ட்டை மூன்று ராத்திரி ஓடவிட்டு, அது காட்டிய ஒன்றிரண்டைக் குறித்தேன். தொழிற்சாலை கண்டுபிடித்திருந்த மற்ற இடங்கள் எவை என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அடுத்த ஆண்டே அந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, பேப்பர் வெயிட்டாக என்னிடமே கொடுத்துவிட்டார்கள். மேசையில் கிடப்பது அதுதான்.

பிறகு ஐ.டி.இ. என்ற புது ரக டிஸ்க்குகள் வந்தன. கன்ட்ரோலர் டிஸ்க்குக்குள்ளேயே போய்விட்டது. பழுதுப் பட்டியலும் உள்ளே போய்விட்டது. தொழிற்சாலையில் கண்ட பழுதுகளுக்கு ஒரு பட்டியல், ஓட ஓடப் புதிதாக முளைக்கும் பழுதுகளுக்கு இன்னொரு பட்டியல். ஒரு செக்டர் படுத்துக்கொண்டால், ஒதுக்கிவைத்த உபரி இடத்திலிருந்து ஒன்றை எடுத்து அதே எண்ணைக் கொடுத்துவிடும். வெளியே யாருக்கும் தெரியாது. இது பெரிய முன்னேற்றம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்று ராத்திரி முழித்தவனுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும். யாராவது சீட்டு ஒட்டிய காலமே பொற்காலம் என்று எழுதினால், அவர் பேட் டிராக் எண்களை ஒரு நாள்கூட அடித்துப் பார்த்தவர் இல்லை.

என் சண்டை வேறு. பழுதைச் சமாளிக்கும் வேலையை டிஸ்க் எடுத்துக்கொண்டது சரி. எத்தனை பழுது என்ற கணக்கையும் ஏன் அதுவே வைத்துக்கொள்ள வேண்டும்?

கணக்கு இருக்கிறதே, ஸ்மார்ட் என்று ஒன்று 1990-களிலேயே வந்துவிட்டதே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். இருக்கிறது. ஐந்தாம் எண்ணில் மாற்றப்பட்ட செக்டர்கள், ஒன்பதாம் எண்ணில் ஓடிய மணி நேரம், 197-இல் படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். ஆனால் வாங்கியவருக்கு நேரே காட்டுவது, ஓகே என்ற ஒரே சொல்தான். அந்த ஓகே எப்படி வருகிறது தெரியுமா? பெரும்பாலும் 100 மதிப்பெண்ணில் தொடங்கி, பழுது கூடக்கூட மதிப்பெண் குறையும். தயாரிப்பாளர் வைத்த பாஸ் மார்க்குக்குக் கீழே போனால்தான் ஃபெயில். பரீட்சை எழுதுவது அவர் பையன், பாஸ் மார்க் வைப்பதும் அவரே. நூற்றுக்கணக்கில் செக்டர் மாற்றியும் ‘ஓகே’ என்று சிரித்துக்கொண்டிருக்கும் டிஸ்க்குகளை நான் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன்.

அது சும்மா எண் இல்லை. 2007-இல் கூகுள் இன்ஜினியர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தங்கள் டிஸ்க்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் செக்டரை மாற்றிய டிஸ்க், அடுத்த 60 நாளில் செத்துப்போகும் வாய்ப்பு, மாற்றாத டிஸ்க்கைவிட 14 மடங்கு என்று அதில் இருக்கிறது. செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், 56 சதவீதம், முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றையும் காட்டாமலே செத்தன என்றும் அதிலேயே இருக்கிறது. எனவே எண் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி என்று நான் சொல்ல மாட்டேன், பேக்கப் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் எண் ஏறுகிறது என்று தெரிந்தும் சொல்லாமல் இருப்பதற்கு என்ன பெயர்?

மறைவான இடம் என்று ஒன்று இருந்தால் அங்கே வேறு ஆட்களும் குடிவருவார்கள். 1986-இல் லாகூரிலிருந்து கிளம்பிய பிரெய்ன் வைரஸ் ஃபிளாப்பியில் மூன்று கே.பி. இடத்தைக் கெட்டது என்று தானே குறித்துவிட்டு அதற்குள் ஒளிந்துகொண்டது. கெட்ட இடத்தை எவன் எட்டிப் பார்ப்பான் என்ற தைரியம். 2015-இல் காஸ்பர்ஸ்கி நிறுவனம் அறிவித்த உளவு மென்பொருள் டிஸ்க்கின் உள் புரோகிராமையே மாற்றி எழுதி, யார் கண்ணிலும் படாத இடத்தை உண்டாக்கிக்கொண்டது. நம்மூர்ச் சங்கதி அவ்வளவு பெரிதில்லை. நம்மூரில் மீட்டரைச் சுற்றிவிடுவதுதான்.

பழைய லாரி வாங்கப் போகிறவர் ஆர்.சி. புக்கைப் பார்ப்பார், எஃப்.சி. தேதியைப் பார்ப்பார், மீட்டரைச் சுற்றியிருக்கிறார்களா என்று மெக்கானிக்கைக் கூட்டிப்போய்ப் பார்ப்பார். அதே ஆள் மகளுக்குப் பழைய லேப்டாப் வாங்கும்போது, மேல்மூடியில் கீறல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார். டிஸ்க்கிலும் மீட்டரைச் சுற்ற முடியும். 2025-இன் தொடக்கத்தில் ஜெர்மனியில், புதியவை என்று கடைகளில் விற்ற பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் பல, ஆயிரக்கணக்கான மணி நேரம் ஏற்கெனவே ஓடியவை என்று அம்பலமானது. ஸ்மார்ட் கணக்கைப் பூஜ்யமாக்கி வைத்திருந்தார்கள். உள்ளே இன்னோர் இடத்தில் தயாரிப்பாளர் வைத்திருந்த தனிப் பதிவைத் துடைக்க மறந்ததால் மாட்டிக்கொண்டார்கள். ஜெர்மனியிலேயே இப்படி என்றால், ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்கள் லாட் லாட்டாக வந்து இறங்கும் நம் சந்தைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

எஸ்.எஸ்.டி. வந்துவிட்டது, இனி தட்டும் இல்லை, டிராக்கும் இல்லை, இந்தப் பேச்சு எதற்கு என்பவர்களுக்கு ஒரு செய்தி. எஸ்.எஸ்.டி., பென் டிரைவ் எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் நாண்ட் ஃபிளாஷ் சிப், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பழுதோடுதான் வருகிறது. 1,024 பிளாக் உள்ள ஒரு சிப்பின் விவரக் குறிப்பில், குறைந்தது 1,004 நன்றாக இருக்கும் என்று போட்டிருப்பார்கள். மிச்சம் 20 வரை கெட்டிருக்கலாம், அவற்றில் குறி போட்டிருக்கும். முதல் பிளாக் மட்டும் நிச்சயம் நன்றாக இருக்கும் என்ற உத்தரவாதம் தனியாக இருக்கும். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பூஜ்யமாவது டிராக்கின் பேரன்தானே இது! சிப்பை வாங்கும் கம்பெனிக்கு அந்தக் குறிப்பைக் கொடுக்கிறார்கள். பென் டிரைவை வாங்கும் நமக்குக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் கேட்பது பழைய மாதிரி சிலிண்டர், ஹெட் பட்டியலை அல்ல. அதை வைத்துக்கொண்டு இன்று யாரும் ஒன்றும் செய்ய முடியாது. கேட்பது மூன்றே எண்கள். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை செக்டர் மாற்றியது, எத்தனை காத்திருக்கிறது. பழைய கம்ப்யூட்டரோ, புதுப்பித்தது என்று சொல்லும் லேப்டாப்போ, டிஸ்க் மட்டுமோ, எதை விற்றாலும் இந்த மூன்றையும் பில்லில் அச்சடிக்கச் சட்டம் வேண்டும். ஃபிரிட்ஜுக்கு நட்சத்திரம் ஒட்டுகிற நாட்டில், பால் பாக்கெட்டில் தேதி போடுகிற நாட்டில், இது பெரிய கோரிக்கை இல்லை. அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் கம்ப்யூட்டர் வாங்கும் டெண்டரிலேயே இந்த வரியைச் சேர்க்கலாம். அதற்குச் சட்டம்கூட வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். சப்ளையர் மெஷினை இறக்கும் அன்றைக்கே எண்ணைக் குறித்துக்கொண்டால், ஒரு வருடம் கழித்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஸ்டோர் கீப்பரே சொல்லிவிடுவார். கம்ப்யூட்டர் பூட் ஆகும்போது ‘ஓகே’ என்ற சொல்லுக்குப் பதில் அந்த எண்ணைத் திரையில் காட்டினால் இன்னும் நல்லது. செலவு ஒரு பைசா இல்லை. எண் உள்ளேதான் கிடக்கிறது.

மக்கள் பயந்துவிடுவார்கள் என்று வியாபாரிகள் சொல்வார்கள். அந்தப் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. மண்டி முதலாளி பயந்தார், நாங்கள் கிழித்தோம். எழுதி ஒட்டியவனைச் சந்தேகப்பட்டு, ஒட்டாதவனிடம் வாங்குகிற புத்தி நமக்கும் உண்டு. அதனால்தான் இதை ஒரு கடைக்காரரின் நல்ல மனசுக்கு விட முடியாது என்கிறேன். எல்லாக் கடையும் ஒட்டினால்தான், எட்டு வரி உள்ளதா, முப்பது வரி உள்ளதா என்று ஜனங்கள் ஒப்பிட்டுப் பார்க்கப் பழகுவார்கள்.

என் கடையில் ஆறு வருடமாக இதைச் செய்துவருகிறேன். பழைய டிஸ்க் எதை விற்றாலும் மூன்று எண்ணையும் தேதியையும் ஸ்கெட்ச் பேனாவில் எழுதி டிஸ்க்கின் மேலேயே ஒட்டிவிடுவேன். கிழிக்க முடியாதபடி மேலே செல்லோ டேப். போன மாதம் ஒருவர் மகனுக்கு டெஸ்க்டாப் கேட்டு வந்தார். 500 ஜி.பி. டிஸ்க்கை எடுத்துக் காட்டினேன். மாற்றிய செக்டர் 41, காத்திருப்பது 0. சீட்டை இரண்டு தடவை படித்தார்.

“நாப்பத்தொண்ணுங்கிறது கெட்டதுங்களா?”

விளக்கினேன். இரண்டு வருடமாக ஏறாமல் நிற்கிறது, இது அடங்கிப்போன பழுது, தினமும் ஏறிக்கொண்டிருந்தால்தான் பயப்பட வேண்டும், எதற்கும் வாரத்துக்கு ஒருமுறை பேக்கப் எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். பொறுமையாகக் கேட்டார். பக்கத்துக் கடையிலும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தர்றனுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. பக்கத்துக் கடைக்காரர் சீட்டெல்லாம் ஒட்டுவதில்லை.

அந்த டிஸ்க் அலமாரியிலேயே இருக்கிறது. திங்கள்கிழமை கடை திறந்ததும் ஒரு மெஷினில் மாட்டி முழுக்க ஓடவிட்டுப் பார்த்தேன். இன்னும் 41-தான்.